மூன்றாவது அம்மா

அந்தக் குழந்தை அன்று மூன்றாவது முறையாக ஓட்டுப் போட வந்தது.

மஞ்சள் தொப்பி, வாயில் விரல். ஆள் அதேதான். தூக்கி வந்த அம்மா மட்டும் வேறு.

"கைக்குழந்தை இருக்கு, கொஞ்சம் வழி விடுங்க" என்று அவள் வரிசையைத் தாண்டி முன்னால் போகப் பார்த்தாள்.

வெகுநேரமாக வெயிலில் நின்றிருந்த ரிட்டயர்டு மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. ஓட்டுச்சாவடி வாசலில் நின்ற போலீஸ்காரரைக் கூப்பிட்டார்.

"காலையிலேருந்து இந்தக் குழந்தைக்கு எத்தனை அம்மா சார்? எங்க காதுல பூ சுத்தறாங்க!"

வரிசை சிரித்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது.

"பின்னாடித் தெரு தையல் கம்பெனிங்க. சூப்பர்வைசர் ஒவ்வொரு ஆளாத்தான் விடறாரு. அரை மணியில திரும்பலேன்னா கேட்டைச் சாத்திடுவாங்க, இன்னிக்குக் கூலி போச்சு. இந்த வரிசையில நின்னா நடக்கிற காரியமாங்க? அதான், கூட வேலை பாக்கறவ பிள்ளையை..."

"பெத்தவ எங்கே?" என்றார் போலீஸ்காரர்.

"மிஷின்ல உக்காந்திருக்கா. அவ முறை கடைசி."

போலீஸ்காரர் தலையைச் சொறிந்தார். விட்டுவிடலாம் என்றுதான் அவருக்கு இருந்தது.

மேனேஜர் விடவில்லை. "நாட்டையே ஆளப்போறவங்களைத் தேர்ந்தெடுக்கிற எலெக்‌ஷன். இதுல கூடவா பித்தலாட்டம்? வரிசையில நிக்கிற நாங்கல்லாம் இளிச்சவாயனுங்களா? முதல்ல இது யார் பெத்த பிள்ளைன்னு கேளுங்க!"

போலீஸ்காரருக்கும் சந்தேகம் தட்டியது. "நீ போய்ப் பெத்தவளைக் கூட்டிட்டு வா. அதுவரைக்கும் குழந்தை இங்கேயே இருக்கட்டும்."

"ஐயா, போயிட்டு வந்தா என் நேரம் முடிஞ்சிடும். ஓட்டே போட முடியாதுங்க."

"அதுக்கு நான் என்னம்மா பண்றது?"

அவள் குழந்தையைக் கொடுத்துவிட்டு, அழாத குறையாக ஓடினாள்.

குழந்தை போலீஸ்காரர் கையில் வீறிட்டது. "நீங்கதானே ஆரம்பிச்சீங்க, பிடிங்க சார்" என்று அவர் அதை மேனேஜரிடம் திணித்துவிட்டு, தெருவில் குறுக்கே நின்ற வண்டியை விரட்டப் போனார்.

மேனேஜரின் தோளில் சாய்ந்ததும் அது கப்பென்று அடங்கியது.

உள்ளேயிருந்து ஓர் அதிகாரி தலையை நீட்டினார். "கைக்குழந்தையோட யாரு சார் அங்கே? நீங்க நிக்க வேணாம், முன்னாடி வாங்க."

மேனேஜர் முன்னால் பார்த்தார். ஏகப்பட்ட தலைகள். பின்னால் பார்த்தார். போலீஸ்காரர் வண்டிக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

விறுவிறுவென்று நடந்தார்.

"பேரனா சார்?"

"ஆமா" என்றார், குழந்தையின் முதுகைத் தட்டியபடி. "என்னை விட்டு இறங்கவே மாட்டேங்கறான்."