பெட்டிக்குள் ராஜா ராணி

பெண் குழந்தைகள் திருநாள் முடிந்ததும், கூடத்தில் அலங்கரித்து வைத்த ராஜா ராணி பொம்மைகளைப் பெட்டியில் அடைக்காவிட்டால், மகளுக்குக் கல்யாணம் தள்ளிப்போகும் என்று எங்கள் நகோயாவில் ஒரு பயம். பக்கத்து வீட்டு கிகுயோ அன்றே, இருட்டுவதற்குள் அடைத்துவிடுவாள். மகள் மிஹோவுக்கு நாற்பது வயது. கல்யாணப் பேச்செடுத்தால், "ஆளை விடும்மா" என்பாள்.

இந்த வருஷம் பெட்டியைத் திறக்கும்போது, வழக்கம்போல நானும் எட்டிப் பார்த்தேன். ராஜாவுக்கும் ராணிக்கும் நடுவே கட்டைவிரல் அளவில் ஒரு குழந்தைப் பொம்மை இருந்தது. அதைச் சுற்றியிருந்த பட்டு, ராணியின் அங்கி நுனியில் கிழிந்திருந்த அதே பட்டு.

"நீ வாங்கினியா?"

"இல்லடி. போன வருஷம் நான்தானே பூட்டினேன்."

மிஹோ சிரித்தாள். "பேரப்புள்ள வந்தாச்சு. இனி என்னை விட்டுடும்மா."

திருநாள் போய் ஒரு வாரமாகிறது. பொம்மைகள் இன்னும் கூடத்தில்தான் இருக்கின்றன. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

"பொண்ணு கல்யாணம் என்னாகுறது? உள்ள வைடி."

"அது கெடக்கட்டும். பெட்டிக்குள்ள ஒரே இருட்டு. புள்ள பயப்படும்" என்றாள் கிகுயோ.