விளக்கு வைத்த பொத்தான்

டைப்பிங் கடையின் கீபோர்டில் கேப்ஸ் லாக்கும் ஷிப்டும் மேலும் கீழுமாகக் குடியிருந்தன. கேப்ஸ் லாக்குக்கென்று தனி விளக்கு உண்டு. அதில் அதற்குக் கொஞ்சம் பெருமை.

“என்னை ஒரு தடவை தொட்டால் போதும், எல்லாம் பெரிய எழுத்து. உன்னை அழுத்திக்கொண்டே இருக்கணும். அப்படியும் வாக்கியத்துக்கு முதல் எழுத்து, ஒரு பேர், ஒரு ஊர், அவ்வளவுதான்” என்றது கேப்ஸ் லாக்.

“எனக்கு அது போதும் அண்ணே” என்றது ஷிப்ட்.

அன்று சகாயமேரி தெருவிளக்கு கேட்டு இங்கிலீஷில் மனு அடிக்க வந்தார். கடைக்காரர் கேப்ஸ் லாக்கைத் தட்டிவிட்டு முழுவதையும் அடித்துக் கொடுத்தார். சகாயமேரி தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

“லைட்டு கேட்கத்தானே வந்தேன், இது சண்டைக்குப் போற மாதிரி இருக்கே. இதுல என் பேர் எங்கேப்பா?”

கடைக்காரர் கேப்ஸ் லாக்கை அணைத்துவிட்டு மறுபடி அடித்தார். வேண்டிய இடத்தில் மட்டும் ஷிப்டை அழுத்தினார். இந்தத் தடவை சகாயமேரி உடனே தன் பேர்மேல் விரல் வைத்தார்.

“இதோ இருக்கேன்.”

அவர் போனதும் கேப்ஸ் லாக் மெதுவாகக் கேட்டது. “என் பேரையும் அப்படி எழுதுவாங்களா?”

“எழுதுவாங்க அண்ணே. முதல் எழுத்துக்கு நான் வந்துடறேன்.”