ஒன்பதாவது வீடு சந்திப்பு

“இன்னைக்கோட ஒன்பது” என்றாள் போங்ரே.

“என்னக்கா ஒன்பது?” என்று கேட்டாள் யாங்சுக். தென்கொரியாவின் மொக்போ துறைமுகத் தெருவில், நெத்திலிக் கடை முனையில் இருவரும் நின்றிருந்தார்கள். காலை மணி பதினொன்று.

“பாஸ்டர் அந்தத் தொக்சிம் வீட்டுக்குப் போறது. சூசோக் அறுவடைப் பண்டிகைக்கு அப்புறம் ஒன்பதாவது தடவை. எங்க வீட்டுக்கு ஒரே ஒரு தடவை. அதுவும் பதினோரு நிமிஷம். பேரிக்காய் சீவி வெச்சேன். ஒரு துண்டு எடுத்தார், ஒரு வசனம் வாசிச்சார், ஜெபம் பண்ணார், ஷூவை மாட்டிட்டார்.”

“தொக்சிம் பாவம்க்கா. புருஷனை இழந்தவ.”

“புருஷன் எட்டு வருஷம் படுத்த படுக்கையா கிடந்தப்போ போனார், சரி. அந்த மனுஷன் போன வசந்தத்துலயே போய்ச் சேர்ந்தாச்சு. இப்போ அந்த வீட்டுல யாருக்கு நோவு?”

யாங்சுக் குரலைத் தாழ்த்தினாள். “பாஸ்டரம்மாவும் ஊர்ல இல்ல.”

“அதைத்தான் சொல்றேன். மகளுக்குப் பிரசவம்னு சியோலுக்குப் போய் ரெண்டு மாசம் ஆச்சு. அந்தம்மா அங்க பேரப்பிள்ளைக்குத் துணி அலசுது. இவர் இங்க...”

“பார்க்காம எதையும் சொல்லக் கூடாதுக்கா.”

“அதுக்குத்தானே போறேன். சாயங்காலம் சபை மூப்பர்கள் கூட்டம். நான் ஒரு வார்த்தை சொன்னா மூப்பரா இருக்கிற எங்க வீட்டுக்காரர் எழுந்து கேப்பார். கேட்டுட்டா, ஞாயித்துக்கிழமை இவர் மேடை ஏற முடியாது. நீ இங்கயே இரு.”

போங்ரே சீமைப் பனிச்சைப் பழப் பையை எடுத்துக்கொண்டு சந்துக்குள் நடந்தாள். வந்த காரணத்தை யாராவது கேட்டால் சொல்லப் பழம் இருந்தது.

தொக்சிம் வீடு தரைத்தளம். சமையலறை ஜன்னல் ஆவி போக ஒரு கை அகலம் திறந்திருந்தது.

உள்ளே தொக்சிம் ஒரு நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறந்து வைத்திருந்தாள். எதிரே பாஸ்டர். கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டு, ஸ்பூனால் அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

போங்ரேவுக்குக் காது வரை சூடாகியது. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம். அவள் வீட்டுக்காரர் அவளுக்கு ஒரு வாய் ஊட்டியதில்லை.

பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று என்று திரும்பினாள். பின்னால் தொக்சிம் இருமும் சத்தம் கேட்டது.

“ஐயோ, என்னைக் கொன்னுடுவீங்க போல! நின்னுக்கிட்டு ஊட்டினா தலை தானா மேல போகும் பாஸ்டர். தலை மேல போனா கஞ்சி நுரையீரலுக்குப் போகும். எத்தனை தடவை சொல்றது? உட்காருங்க.”

“மன்னிச்சுக்குங்க” என்று பாஸ்டர் உட்கார்ந்தார்.

“ஸ்பூன் கீழேயிருந்து வரணும். தாடை நெஞ்சைப் பார்க்கணும். ம்ம், அப்படித்தான். இப்போ தொண்டையைப் பாருங்க. ஏறி இறங்கிச்சா? அதுக்கப்புறம்தான் அடுத்த வாய். பாஸ்டரம்மாவுக்கு வாதத்துல இடது பக்கம்தானே மரத்திருக்கு? அப்போ வலது கன்னத்துல வையுங்க.”

“சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலேருந்து கூட்டிட்டு வரணும். இன்னும் எனக்குச் சரியா ஊட்ட வரல.”

“அவங்க திட்டத்தான் செய்வாங்க. திட்டட்டும். வாயில கஞ்சி இருக்கும்போது மட்டும் திட்டாமப் பார்த்துக்குங்க.”

பாஸ்டர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

“முகம் ஒரு பக்கமா இழுத்திருக்கிறதைச் சபையில யாரும் பார்த்துடக் கூடாதுன்னு அழறா. அவளுக்காக, மகள் வீட்டுல இருக்கான்னு மேடையில நின்னு பொய் சொல்லிட்டேன்.”

“நான் யார்கிட்டயும் வாயைத் திறக்கல. நீங்க ஸ்பூனைப் பாருங்க.”

பாஸ்டர் இன்னும் இரண்டு வாய் ஊட்டினார். பிறகு சொன்னார். “அடக்க ஆராதனை அன்னைக்கு என்கிட்ட ஒண்ணு கேட்டீங்க. எட்டு வருஷம் இந்தச் சோதனையைக் கர்த்தர் எதுக்குக் குடுத்தார்னு. நான் ஒரு வசனத்தைச் சொல்லிட்டுப் போயிட்டேன்.”

“ஆமா. அன்னைக்கு உங்க மேல எனக்கு அவ்வளவு கோவம்.”

“இப்போ?”

“இப்போ கஞ்சி ஆறுது. எடுங்க.”

போங்ரே ஜன்னலோரம் நின்றாள். பொறாமை இன்னும் போகவில்லை. ஆனால் எதன்மேல் பொறாமை என்று கேட்டால் இப்போது அவளுக்குச் சொல்லத் தெரியாது.

கதவைத் தட்டவில்லை. பழப் பையைக் கைப்பிடியில் மாட்டிவிட்டுச் சத்தமில்லாமல் நடந்தாள்.

கடை முனையில் யாங்சுக் ஓடிவந்தாள். “பார்த்தீங்களாக்கா?”

“பார்த்தேன்.”

“அப்போ சாயங்காலம் கூட்டத்துல சொல்லிட வேண்டியதுதானே?”

“சொல்ல என்ன இருக்கு? வேதபாடம் நடக்குது.”

“ஓகோ! நமக்கெல்லாம் வருஷத்துக்கு ஒரு வசனம். அந்த மகாராணிக்கு மட்டும் வாராவாரம் வீடு தேடி வந்து தனியா பாடம் நடத்துறாராக்கும்?”

“அவர் எங்கடி நடத்துறார்?” என்றாள் போங்ரே. “நடத்துறது தொக்சிம். அவர் உட்கார்ந்து படிக்கிறார்.”