இன்ஸ்பெக்டர் மேல் ஒரு புகார்

“ஏம்மா, உங்க பூனை இன்னைக்கும் கைவரிசையைக் காட்டிடுச்சு! வறுத்த மீன், ரெண்டு துண்டு. தட்டு காலி!”

கீழ் வீட்டு டிரில் மாஸ்டர் மாடிக்கு வந்து வாசலில் நின்று சத்தம் போட்டார். பள்ளிக்கூடத்திலிருந்து ரிட்டயராகி ஆறு வருஷம் ஆகியும் அவர் குரல் மட்டும் ரிட்டயராகவில்லை. நாலு வீட்டுக்குக் கேட்டது.

“மன்னிச்சுக்கோங்க மாஸ்டர், இதோ வரேன்” என்று தையல் மெஷினை விட்டு எழுந்தாள் கார்பெண்டரின் மனைவி. ஒரு தட்டு நிறையச் சாப்பாடு வைத்து, மேலே இரண்டு துண்டு மீனும் வைத்து மூடிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

“என் மீன் போச்சேன்னுதான் வாங்கறேன்” என்று முறைப்பாகச் சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார்.

லீவு நாளில் வீட்டிலிருந்த கார்பெண்டருக்கு மானம் போய்விட்டது.

“இந்த வாரத்துல இது எத்தனாவது தடவை?”

“நாலாவது.”

இரண்டு மாதமாக இதே கதைதான். கட்டிலுக்கு அடியிலிருந்து சோம்பல் முறித்துக்கொண்டு வந்தது பூனை.

“பார், நல்லாத் தின்னுட்டு வந்து தூங்கியிருக்கு!”

பூனையும் லேசுப்பட்டதில்லை. அதன் பெயரே இன்ஸ்பெக்டர். மூடி வைத்த பாத்திரம் எதையும் சோதனை போடாமல் விடாது. ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பரில் நகத்தை விட்டுத் திறக்கும். முட்டை உடைக்கும் சத்தம் கேட்டால் மூன்றாவது வீட்டு மாடியிலிருந்து ஓடிவரும். அதற்காக வக்காலத்து வாங்க அந்தக் கட்டடத்தில் ஆளில்லை.

“சாயங்காலம் இதை மரக்கடைக் கிடங்குல விட்டுட்டு வந்துடறேன். அங்க எலி இருக்கு. உழைச்சுத் தின்னட்டும்.”

“ஐயோ, வேண்டாங்க. பாவம், அது ஒண்ணும் பண்ணலை.”

“பண்ணலையா? மீன் தானா எழுந்து நடந்து போச்சா?”

அவள் கண்கள் கலங்கிவிட்டன. அதைப் பார்த்ததும் கார்பெண்டர் கொஞ்சம் இறங்கி வந்தார்.

“சரி, அழாதே. அவர் அடுப்படி ஜன்னலுக்குக் கம்பி வலை அடிச்சுடறேன். பூனை உள்ள போகாது, புகாரும் வராது.”

“வலையெல்லாம் எதுக்குங்க?”

“பூனையும் போகக்கூடாது, வலையும் கூடாது. நான் மட்டும் தினம் தலையைக் குனிஞ்சு நிக்கணுமா?”

தைத்த துணிகளைக் கொடுக்க அவள் வெளியே போனதும், வலைச் சுருளையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

மாஸ்டர் வழியை மறித்து நின்றார். “அதெல்லாம் வேண்டாம் தம்பி. காத்து வராது.”

“காத்து நல்லா வரும் மாஸ்டர். பத்து நிமிஷ வேலை.”

பேசிக்கொண்டே அடுப்படிக்குள் நுழைந்த கார்பெண்டர் அப்படியே நின்றுவிட்டார்.

அடுப்பின் மேல் பழைய பேப்பர்கள் அடுக்கியிருந்தன. சிலிண்டர் இருந்த இடத்தில் ஒரு துருப்பிடித்த வட்டம். ஆணியில் தொங்கிய வாணலியில் சிலந்தி கூடு கட்டியிருந்தது. அங்கே பல மாதங்களாக யாரும் வெந்நீர்கூட வைத்ததாகத் தெரியவில்லை. கழுவிக் கவிழ்த்திருந்த ஒரே தட்டு, கார்பெண்டர் வீட்டுத் தட்டு.

மாஸ்டர் ஹாலிலேயே முதுகைக் காட்டி நின்றுகொண்டார். கார்பெண்டர் மளமளவென்று வலையை அடித்துவிட்டு மாடிக்கு வந்தார். மனைவி திரும்பி வந்ததும் வெடித்தார்.

“ரெண்டு மாசமா நம்மளை முட்டாளாக்கியிருக்கார் அந்த மனுஷன்! அங்க அடுப்பே எரியறதில்லை. மீனும் இல்லை, திருட்டும் இல்லை. வாயில்லாத ஜீவன் மேல பழியைப் போட்டுட்டு வக்கணையா சாப்பிட்டிருக்கார். நீயும் ஏமாந்து ஏமாந்து தட்டைத் தூக்கிக் குடுத்திருக்கே!”

“நான் ஏமாறலைங்க.”

“என்னது?”

“மத்தியானம் பூரா இன்ஸ்பெக்டர் என் காலடியிலதான் தூங்குது. இன்னைக்கும் காலையிலேருந்து வாசலைத் தாண்டலை. அது எப்படித் திருடும்?”

“அப்ப, தெரிஞ்சேவா குடுத்தே?”

அவள் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

“அவர் வீட்டம்மா இறந்த புதுசுல ஒரு தட்டுச் சாப்பாடு கொண்டு போனேன். ‘எனக்கு யார் தயவும் வேண்டாம்’னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லிட்டார். அப்புறம் ஒருநாள், இந்தத் திருடன் நிஜமாவே அவர் கடையில வாங்கி வச்ச பொட்டலத்தைத் தூக்கிட்டு வந்துடுச்சு. சண்டைக்கு வந்தார். நஷ்டத்துக்கு ஈடா வச்சுக்கோங்கன்னு ஒரு தட்டு குடுத்தேன். மறுபேச்சு பேசாம வாங்கிக்கிட்டார். அவருக்கு இது ஒண்ணுதாங்க வழி. சும்மா குடுத்தா பட்டினி கிடந்தாலும் தொடமாட்டார்.”

கார்பெண்டர் குனிந்து பூனையின் தலையைத் தடவிக் கொடுத்தார். பிறகு எழுந்து, பெட்டியிலிருந்து ஆணி பிடுங்கும் குறடை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

“எங்க போறீங்க? அவரை ஒண்ணும் கேட்டுடாதீங்க!”

“கேக்கலை. இருபது வருஷத்துல முதல் தடவையா எனக்கு அளவு தப்பிப் போச்சுன்னு சொல்லி வலையைப் பிரிச்சுட்டு வரேன். நாளைக்கு மத்தியானம் நம்ம பூனை திருடப் போக வழி வேண்டாமா?”