இரவல் போன கொசு மருந்து

ரெத்னோ கடையிலிருந்து கொசு மருந்து டப்பாவோடு வந்து இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. எதிர்வீட்டு விந்தார்த்தி வந்து நின்றாள்.

“ரெத்னோ, அந்த டப்பாவைக் கொஞ்சம் கொடேன். அடிச்சிட்டுத் தந்துடறேன்.”

ஏழு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு நடந்துபோய் வாங்கிவந்தது. ஆனாலும் வயதில் மூத்தவளிடம் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கொடுத்தாள். போனது போனதுதான். இதற்கு முன்னால் போனவையும் அப்படித்தான், ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

டெமாக் ஊரில் அந்தச் சந்து முழுக்கக் கொசு. விந்தார்த்தி வீட்டில் மட்டும் கிடையாது. டார்ச்சோடு வீடு வீடாகத் தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழு பார்க்க வரும் பெண்மணி, விந்தார்த்தியைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்படி எல்லாரிடமும் சொல்லிவிட்டுப் போவாள். ரெத்னோவுக்கு வயிறு எரியும். என் மருந்தை அடித்தால் எந்த வீட்டில்தான் கொசு இருக்கும்?

அது மட்டுமா? விந்தார்த்தியின் பையன் டிமாஸ் செமாராங் நகரத்தில் அப்பாவோடு தங்கிப் பெரிய பள்ளிக்கூடத்தில் படிக்கிறானாம். அவனைப் பார்க்கும் சாக்கில் இவளும் வாரத்தில் பாதி நாள் அங்கேதான். சந்துப் பெண்கள் வாய்க்கு ருசியாக எது சமைத்தாலும் மூடி எடுத்துக்கொண்டு இவள் வீட்டுக்குத்தான் போகிறார்கள். ரெத்னோ தலை தெரிந்தால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். பிள்ளைத்தாய்ச்சி நான், உபசாரம் அவளுக்கா?

கணவனிடம் புலம்பினால், பதிலுக்கு விந்தார்த்தி அக்கா கொசுவலை கொடுத்தார்களே என்றான்.

“யாரோ படுத்த பழைய வலை. எனக்கென்ன பிச்சையா போடுறா?”

மறுநாள் ஏழாம் மாதச் சடங்கு. சொந்தபந்தமெல்லாம் வரும் வீட்டில் கொசு மொய்த்தது. டப்பாவை வாங்காமல் திரும்புவதில்லை என்று ரெத்னோ எதிர்வீட்டுக்குப் போனாள்.

கதவு திறந்திருந்தது. பின்கட்டில் விந்தார்த்தி முழங்கை நனையத் தொட்டியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். அலமாரியில் ரெத்னோவின் டப்பாக்கள் அத்தனையும் இருந்தன. மூடியைச் சுற்றிய பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்கவில்லை.

“அக்கா, நீங்களும் அடிக்கல, என்னையும் அடிக்க விடல. நான் உண்டாகியிருக்கிறதுல உங்களுக்கு அவ்வளவு பொறாமையா?”

விந்தார்த்தி பதில் சொல்வதற்குள் மேசையில் செல்போன் ஒளிர்ந்தது. வீடியோ அழைப்பு. அவள் ஓடிவந்து கவிழ்ப்பதற்குள் அவள் விரலே பட்டுத் திரையில் டிமாஸ் தெரிந்தான். தலையில் ஒரு முடிகூட இல்லை. மூக்கில் குழாய். பின்னால் ஆஸ்பத்திரிக் கட்டில்.

“அம்மா, இன்னைக்கு வாந்தி எடுக்கல” என்றான்.

அப்புறம் பேசுவதாகச் சொல்லிப் போனைக் கவிழ்த்த விந்தார்த்தி, முதல் காரியமாக ரெத்னோவின் வயிற்றைத் தடவி, பிள்ளைக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று முணுமுணுத்தாள். கர்ப்பிணிப் பெண் கண்ணிலும் காதிலும் கெட்டது படக்கூடாதென்று சந்தே சேர்ந்து மறைத்த விஷயம்.

“ரத்தப் புற்றுநோய்” என்றாள். “வீட்டுக்குள்ள கொசு மருந்து அடிப்பீங்களான்னு டாக்டர் கேட்டார். அவன் வயித்துல இருந்தப்ப நாள் தவறாம அடிச்சேன். அதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாதாம். அதனால இல்லேன்னும் சொல்ல முடியாதாம். உன்கிட்ட சொன்னா இந்த நேரத்துல பயந்துடுவே. அதான் இரவல் கேட்டுக்கிட்டே இருந்தேன்.”

ரெத்னோ, பொறாமை என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கக் கையைப் பிடித்தாள்.

“மன்னிப்பெல்லாம் எதுக்கு? நீ சொன்னது சரிதான், பொறாமைதான். டிமாஸ் வயித்துல இருந்தப்ப என்கிட்ட வந்து டப்பாவை இரவல் கேட்க ஒருத்தியும் இல்லையே.”