அப்பா வண்டியின் நிறம்

அம்மா வண்டியின் கதவுக் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, வெளியே நடந்த சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பட்டறைக்குள் நுழைந்ததுமே யாரும் சொல்லாமல் நேராகப் போய், அந்தப் பழைய பிக்கப் வண்டியில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அப்பா இருந்தவரை அதுதான் அவளுடைய இடம்.

சண்டை, வண்டிக்கு அடிக்க வேண்டிய பெயிண்டைப் பற்றியது.

"நீலம். நல்ல அடர் நீலம். இதுல பேச்சே இல்ல" என்றான் பெரியவன். கலர் கார்டு அவன் கையில்தான் இருந்தது. வேறு யாரிடமும் அவன் அதைக் கொடுக்கவில்லை.

"பச்சைண்ணே. பாசி மாதிரி ஒரு பச்சை. பள்ளிக்கூட வாசல்ல அத்தனை வண்டி நின்னாலும் அந்தப் பச்சைய வச்சுத்தான் அப்பாவக் கண்டுபிடிப்பேன்" என்றாள் மகள்.

சின்னவன் சாம்பல் நிறம் என்றான். அவன் பிறந்தபோதே வண்டிக்கு வயதாகிவிட்டது, அவன் பார்த்தது நிறத்தை அல்ல, அழுக்கை என்று பெரியவன் விளக்கினான். அப்பாவோடு கடைசிவரை இருந்தது யார் என்று சின்னவன் கேட்டான். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் பேச்சு வண்டியைப் பற்றியதாக இல்லை.

அப்பா போன பிறகு அம்மா பிள்ளைகளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்த வண்டியில் இன்னொரு தடவை உட்கார வேண்டும். அவர் படுக்கையில் விழுந்ததுமே வண்டி விற்றுப்போய், கைமாறிக் கைமாறி எங்கோ போய்விட்டது. மாதக்கணக்கில் தேடியபின் ஒரு பழைய இரும்புக் கடையில், நம்பர் பலகைகூட இல்லாமல் கிடந்ததைப் பெரியவன் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டான். அப்பா முகம் மறந்தாலும் இந்த முகப்பு மறக்காது என்று அவன் அன்று சொன்னது சொந்தக்காரர்கள் மத்தியில் பிரபலம்.

அடையாளங்களுக்கும் குறைவில்லை. பின்பக்க நசுங்கல், சின்னவன் ஓட்டிப் பழகும்போது கேட்டில் இடித்தது. கதவிலிருந்த கீறல், மகள் சைக்கிளால் போட்டது. முன் பம்பர் வளைவு யாருடையது என்பதில் மட்டும் அண்ணன் தம்பிக்குள் போட்டி. அந்தக் காலத்தில் 'நான் இல்லப்பா' என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தவர்களும் இவர்கள் இரண்டு பேர்தான்.

ஒரு இடத்தில் தேய்த்துப் பார்த்துவிடலாம், ஆக அடியில் இருப்பதுதான் அசல் என்றார் பெயிண்டர். கதவின் உள்விளிம்பில் உப்புத்தாளை வைத்துத் தேய்த்தார். வெள்ளை போய்ப் பழுப்பு வந்தது. பழுப்பு போய் வெளுத்த மஞ்சள் வந்தது. அதற்கு அடியில் வெறும் தகரம்.

மூவரும் குனிந்து பார்த்தார்கள். காலையிலிருந்து முதல் தடவையாக மூவருக்கும் ஒரே கருத்து உண்டாயிற்று. பெயிண்டருக்குச் சரியாகத் தேய்க்கத் தெரியவில்லை.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கலக்கிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது, யோசித்துச் சொல்லுங்கள் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

யோசித்ததில் அப்பா வந்தார். வீட்டுச் சாமான் ஏற்றி இறக்குவது அவர் தொழில். விடுமுறை நாளில் மட்டும் வண்டி குடும்பத்துக்கு. பிள்ளைகள் மூன்று பேரும் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, தலைமுடி பறக்க, ஊரைக் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

"என்ன காத்து அது" என்றாள் மகள். "அம்மாதான் பாவம். சும்மா உக்காந்து வந்ததுக்கே குளிச்ச மாதிரி வேர்த்து ஊத்தி இறங்குவா."

"அது அவங்க உடம்புவாகு" என்றான் பெரியவன், கார்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கடைசியில் ஒரு சமரசம் பிறந்தது. நீலம்தான், ஆனால் கொஞ்சம் பச்சை கலந்தது, அதிலும் லேசாகச் சாம்பல் பூத்தது. பெயிண்டர் ஒரு மூடியில் தொட்டுக் கலக்கிக் காட்டினார். காட்டக் காட்ட, அப்பா வண்டி எப்போதுமே இந்த நிறத்தில்தான் இருந்தது என்று மூவருக்கும் ஞாபகம் வந்தது. மகளுக்குக் கண் கலங்கியது. இதேதான், அச்சு அசல் இதேதான் என்றான் சின்னவன்.

பெயிண்டர் பெரிய டப்பாவைத் திறக்கப் போனபோது பெரியவனுக்கு முறை ஞாபகம் வந்தது. அம்மாவையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்றான். மற்ற இருவரும் உடனே சரி என்றார்கள். அம்மா எதையும் மறுத்துச் சொல்லிப் பழக்கமில்லை.

அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டிருந்தாள். மேலே போனதும் கைப்பிடியைச் சுற்றி மறுபடி இறக்கினாள். மறுபடி ஏற்றினாள். பழைய நினைப்பு என்று மகள் தம்பியின் காதில் சொன்னாள். அவன் மூக்கை உறிஞ்சினான்.

கண்ணாடி கீழே வரும்வரை காத்திருந்து, பெரியவன் மூடியை உள்ளே நீட்டினான். "நம்ம வண்டி கலர் இதுதானேம்மா?"

அம்மா மூடியைப் பார்க்கவில்லை. வியர்வையே இல்லாத கழுத்தை முந்தானையால் ஒரு தடவை துடைத்துக்கொண்டு, அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நம்ம வண்டியில இந்தக் கண்ணாடி ஒரு நாளும் இறங்கினதில்லடா."