ஊசி போட்ட வாரம்

"இனிமே மாசாமாசம் ஊசி வேணாம்மா. கண்ணுக்குள்ள ரத்தக் குழாய் கசியறதுக்கு, நாலு மாசம் வேலை செய்யற மருந்து வந்திருக்கு," என்றார் திண்டிவனம் கண் டாக்டர்.

வடிவுக்குத் திக்கென்றது. "பழைய ஊசியே இருக்கட்டுங்களே!"

ஊசி போட்டால் ஒரு வாரம் அவள் அடுப்புப் பக்கம் போகக்கூடாது என்பது வீட்டில் ஏற்பாடு. இப்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கணவர் அப்பாதுரைதான் சமையல். அவள் கால் நீட்டி உட்கார்ந்து சாப்பிடுவாள்.

"இதுக்கும் அதே பத்தியந்தான்," என்று டாக்டர் சீட்டை நீட்டினார். "மூணு நாளைக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தக்கூடாது. மத்தபடி சமையல், வீட்டு வேலை எல்லாம் எப்பவும் போல செய்யலாம்."

வடிவு கணவரின் முகத்தைப் பார்க்காமலே வெளியே வந்தாள். பஸ் ஸ்டாண்டு வரை அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே நடந்தார். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அடுப்பு சங்கதி நானா சொன்னதுதாங்க. கோவமா?"

"மொதல் மாசமே நர்ஸம்மா சொல்லிடுச்சே. தெரிஞ்சிக்கினுதான் சமைச்சேன்."

வடிவுக்குக் கண் கலங்கியது. இத்தனை பாசமா! "அப்புறம் ஏங்க உம்முன்னு வர்றீங்க?"

ஒலக்கூர் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தபடி, கவலையோடு சொன்னார் அப்பாதுரை:

"மாசத்துல அந்த ஒரு வாரந்தான் புள்ளைங்க தட்டை வழிச்சு சாப்பிடுதுங்க. இனிமே நாலு மாசத்துக்கு ஒருக்கான்னா, பாவம், அதுங்க இன்னா பண்ணும்?"